ஒன்பதரை மணி

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் சீரியல் பார்ப்பேன். வெப் சீரீஸ் இல்லைங்க, சீரியல். சன் டிவி, ராத்திரி ஒன்பதரை மணி, அப்பத்தா பக்கத்துல, கையில சோத்துத் தட்டோட.

மூணு வருஷத்துக்கு மேல இதை ஹாஸ்டல்ல நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. போன மாசம் எங்க ரூம்ல ஒரு பெரிய விவாதம் நடந்துச்சு. எந்தத் தொடரோட முடிவு ரொம்ப மோசம்னு. எல்லாரும் ஒரே குரல்ல ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ன்னாங்க. 2019 மே மாசம் முடிஞ்ச தொடர். மொத்தமே 73 எபிசோட். கடைசி சீசனைத் திரும்ப எடுங்கன்னு பத்து லட்சம் பேருக்கு மேல ஆன்லைன்ல கையெழுத்துப் போட்டாங்க. அடுத்து ‘பிரேக்கிங் பேட்’ முடிவுதான் பெஸ்ட்னு பேச்சு போச்சு. அது 62 எபிசோட். “உனக்கு எது முடிஞ்சப்போ ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?”ன்னு என்கிட்ட கேட்டாங்க. யோசிக்காம வாயில வந்துருச்சு: “எதிர்நீச்சல்.”

சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். ஆனா ராத்திரி படுத்ததுக்கு அப்புறம் அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் விளையாட்டுக்குச் சொல்லலை. உண்மையாவே அதுதான். அன்னைக்கு ஏன்னு விளக்க முடியலை. அதை இங்க எழுதிப் பார்க்கறேன். நான் பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

இத்தனைக்கும் எங்க ஊர் பாலவனத்தம். விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டை போற ரோட்டுல இருக்கு. 1901-ல மதுரையில நாலாம் தமிழ்ச்சங்கத்தை ஆரம்பிச்ச பாண்டித்துரைத் தேவர் எங்க ஊர் ஜமீன்தார். அந்த ஊர்ல பிறந்துட்டு ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் இடையில தடுமாறிக்கிட்டு இருக்கேன். என்ன பண்றது.

எங்க ஊரைப் பத்தி ஒரே வரியில சொல்லணும்னா, வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கற ஊர். கரிசல் மண்ணு. மழை பேஞ்சா பருத்தி, மக்காச்சோளம், மல்லி. பேயலைன்னா சீமைக்கருவேலம் தானா வளரும், யாரும் தண்ணி ஊத்த வேண்டாம். எங்க அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில ஒரு நூல் மில்லுல ஷிப்ட் வேலை. அப்பத்தாவுக்கு எழுபதுக்கு மேல ஆச்சு. கொஞ்ச வருஷம் முன்ன வரைக்கும் காட்டுச் சோலிக்குப் போனவங்க. அம்மா வீட்ல. அந்த ‘வீட்ல’ங்கற வார்த்தைக்குள்ளதான் இந்தக் கட்டுரையே இருக்கு.

எங்க அம்மா பி.எஸ்ஸி. மேத்ஸ். எங்க குடும்பத்துல டிகிரி முடிச்ச முதல் பொம்பளை. கல்யாணம் 2003 நவம்பர் மாசம். அதே மாசம்தான் சன் டிவியில ‘கோலங்கள்’ ஆரம்பிச்சது. “நானும் அபியும் ஒண்ணா இந்த வீட்டுக்கு வந்தோம்”னு அம்மா சொல்லும். அபி தேவயானி. வேலைக்குப் போயி, குடும்பத்தைத் தாங்கி, சொந்தமா கட்டடத் தொழில் நடத்தற பொண்ணு. எங்க வீட்ல அப்போ டிவி இல்லை. பக்கத்து வீட்டு வாசல்ல உட்கார்ந்து பார்த்திருக்காங்க, அப்பத்தாவும் அம்மாவும். 2006-க்கு அப்புறம் அரசாங்கம் கொடுத்த கலர் டிவி வந்துச்சு. ‘கோலங்கள்’ 2009 டிசம்பர்ல முடியறப்போ எனக்கு அஞ்சு வயசு. 1,500 எபிசோடுக்கு மேல. எனக்கு ஞாபகம் இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கடைசி நாள் அப்பத்தா மூக்கைச் சீந்திச் சீந்தி அழுதாங்க. அம்மா அழலை. எழுந்து போயி பாத்திரம் கழுவிச்சு.

இப்ப ‘எதிர்நீச்சல்’. 2022 பிப்ரவரி 7-ஆம் தேதி ஆரம்பிச்சது. நான் பிளஸ் டூ. பரீட்சைக்குப் படிக்கிறேன்னு புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டுப் பார்க்க ஆரம்பிச்சேன். இயக்குநர் திருச்செல்வம், அதே ‘கோலங்கள்’ எடுத்தவர். பார்க்காதவங்களுக்காகக் கதையைச் சுருக்கமாச் சொல்றேன். மதுரையில ஒரு பெரிய வீடு. மூத்தவர் ஆதி குணசேகரன். அவர் சொல்றதுதான் சட்டம். தம்பிங்க மூணு பேரு. வீட்டு மருமகள்கள் நாலு பேரு: ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. ஆளுக்கொரு படிப்பு, ஆளுக்கொரு திறமை. நாலு பேரும் அடுப்பங்கரையில. படிச்ச பொண்ணுதான் வேணும்னு தேடிக் கட்டிக்கிட்டு வந்து, வேலைக்கு அனுப்ப மாட்டேங்கற வீடு.

புரியுதா? எங்க வீட்டுக் கதை. நாலு பேருக்குப் பதிலா ஒருத்தி.

அந்தச் சீரியல்லயும் ஒரு அப்பத்தா உண்டு. பட்டம்மாள்னு பேரு, பாம்பே ஞானம் நடிச்சாங்க. வீட்டுச் சொத்துல நாற்பது சதவீதம் அவங்க பேர்ல. இதுல எங்க அப்பத்தாவுக்குத் தனிப் பெருமை. “பாத்தியா, அப்பத்தான்னா அப்பிடித்தான் இருக்கணும்”னு சொல்லிக்குவாங்க. எங்க அப்பத்தா பேர்ல இருக்கறது ஒரு தகர டிரங்குப் பெட்டியும் ரெண்டு வெள்ளாடும்.

குணசேகரன் திரையில வந்தாலே எங்க அப்பத்தா ஆரம்பிச்சுருவாங்க. “வெளங்காம போறவன். கொள்ளையில போறவன். இவன் வீட்டுல நாலு பொம்பளையும் சோத்துல உப்பப் போடாம விட்டா தெரியும்.” அவர் “இந்தாம்மா, ஏய்”னு கூப்பிட்டா, “ஏம்மா உனக்கு என்னடா?”ன்னு டிவியைப் பார்த்துத் திருப்பிக் கேப்பாங்க. நான் சிரிப்பேன். அம்மா மட்டும் சிரிக்காது. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு இருக்கும். அப்பா வெளியில கட்டில்ல படுத்துக்கிட்டு, “இன்னும் முடியலையா?”ன்னு ஒரு குரல் கொடுப்பாரு. அவ்வளவுதான் அவர் பங்கு.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. நான் காலேஜ்ல. குணசேகரனா நடிச்ச மாரிமுத்து இறந்துட்டாருன்னு இன்டர்வெல்ல வாட்ஸப் பார்த்தேன். சீரியலுக்கு டப்பிங் பேசிக்கிட்டு இருந்தப்போ மாரடைப்பு. அவர் தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கத்துக்காரர். ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’னு ரெண்டு படம் இயக்கினவர், ‘பரியேறும் பெருமாள்’ல நடிச்சவர், ஆனா ஊரே அவரைத் தெரிஞ்சுக்கிட்டது இந்த ஒரு சீரியலால. அதுக்கு ஒரு மாசம் முன்னதான் ‘ஜெயிலர்’ வந்திருந்தது.

சாயங்காலம் அப்பத்தா போன் பண்ணாங்க. அவங்களா போன் பண்றது பொங்கல் தீபாவளிக்குத்தான். குரலே சரியில்லை.

“ஆத்தா, அந்த மனுசன் போயிட்டாராமே.”

“ஆமா அப்பத்தா, பார்த்தேன்.”

“நான் திட்டுனது பட்டுருச்சோ?”

எனக்குச் சிரிப்பு வரலை. ஒன்றரை வருஷமா தினம் ராத்திரி ஒன்பதரைக்கு ஒருத்தரை ‘கொள்ளையில போவான்’னு சொல்லிட்டு, ஒரு நாள் அவர் நிஜமாவே போயிட்டா எப்படி இருக்கும்? “அது நடிப்பு அப்பத்தா, அவரு நல்ல மனுசன், நீங்க திட்டத் திட்ட அவருக்குப் பேரு”ன்னு என்னென்னமோ சொன்னேன். “இனிமே யாரையும் திட்டமாட்டேன்”னு சொல்லி வச்சாங்க.

அந்த அக்டோபர்ல குணசேகரனா வேல ராமமூர்த்தி வந்தாரு. அவர் எழுத்தாளர். ‘குற்றப் பரம்பரை’ எழுதினவர். ஊர் பெருநாழி, கமுதிப் பக்கம். எங்களுக்கு அது நம்ம சீமைதான். அதனால அன்னைக்கு எங்க வீட்ல ஒரு அதிசயம் நடந்துச்சாம். அப்பா கட்டில்ல இருந்து எழுந்து உள்ள வந்து, நிலைப்படியில சாஞ்சு நின்னு, “நம்ம பக்கத்து ஆளுல்ல”ன்னு சொல்லி முழுசாப் பார்த்தாராம். அம்மா போன்ல சொல்லுச்சு. அப்பத்தா மட்டும் பத்து நாள் வாயே திறக்கலையாம். பதினோராவது நாள் பழைய வசவு திரும்ப வந்துருச்சாம். “சரி, இவரு பட்டாளத்துல இருந்தவராம், தாங்குவாரு”ன்னு காரணமும் சொல்லிக்கிட்டாங்களாம்.

இப்ப நான் செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லணும். 2024 பொங்கல் லீவு. மூணு பேரும் பார்த்துக்கிட்டு இருக்கோம். திரையில வழக்கம்போல மருமகள்கள் வேலைக்குப் போறதைப் பத்தி சண்டை. அப்பத்தா வழக்கம்போல வசவு. எனக்கு அன்னைக்கு என்ன வந்துச்சோ, கேட்டுட்டேன்.

“அப்பத்தா, அம்மாவை வேலைக்கு விடாதது யாரு?”

டிவி மட்டும் சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தா என்னைப் பார்க்கலை. அம்மா எழுந்து என் தட்டைப் புடுங்கிக்கிட்டு, “தின்னாச்சுல்ல, எந்திரி டி”ன்னு அதட்டுச்சு. அடுப்பங்கரையில வச்சு எனக்குச் சரியான ஏச்சு. “உனக்கு என்ன தெரியும்? பெரியவங்க முகத்துக்கு நேரா அப்படிக் கேப்பாங்களா? நீ நாளைக்கு பஸ் ஏறிப் போயிருவ. நான்ல இங்க இருக்கணும்?”

அந்தக் கடைசி வரி மூணு நாள் என் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் தைரியமாக் கேள்வி கேட்டதா நினைச்சுக்கிட்டேன். கேட்டுட்டு பஸ் ஏறிட்டேன். விலை கொடுக்கறது அம்மா.

அந்த விஷயத்தோட முழுக் கதை எனக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெரிஞ்சது. கல்யாணம் ஆன அஞ்சு மாசத்துல, அருப்புக்கோட்டைப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து அம்மாவுக்கு லெட்டர் வந்திருக்கு. கணக்கு டீச்சர் வேலை. கல்யாணத்துக்கு முன்ன எழுதிப் போட்டதுக்குப் பதில். மாசம் 1,800 ரூபாய் சம்பளம், ஜூன்ல சேரணும். தாத்தா அப்போ இருந்தாரு. வேண்டாம்னுட்டாரு. தாத்தா முடிவு பண்ணுவாரு, மருமககிட்ட நேரா பேச மாட்டாரு. அதனால அதை அம்மாகிட்ட சொன்னது அப்பத்தா. சொன்ன காரணம் என்னன்னா, அம்மா அப்போ மாசமா இருந்துச்சு. வயித்துல இருந்தது நான்.

ஆக, எங்க வீட்டுக் கதையில நானும் ஒரு கதாபாத்திரம்தான்.

‘எதிர்நீச்சல்’ முடியப் போகுதுன்னு செய்தி வந்தப்போ நான் ஊர்ல இருந்தேன். அந்த வாரம் எங்க ஊர்ல டிவி ரொம்ப பிஸி. ஜூன் 4 ஓட்டு எண்ணிக்கை. விருதுநகர் தொகுதியில முன்ன பின்னன்னு போயி, கடைசியில 4,379 ஓட்டு வித்தியாசத்துல முடிஞ்சுது. ஊரே டீக்கடையில நின்னு பார்த்துச்சு. நாலு நாள் கழிச்சு, ஜூன் 8 சனிக்கிழமை, சீரியலோட கடைசி எபிசோட். அதுக்கு டீக்கடையில யாரும் கூடலை. ஆனா தெருவுல நடந்து போயிருந்தா, ஒவ்வொரு வீட்டு ஜன்னல்ல இருந்தும் ஒரே குரல் கேட்டிருக்கும்.

நம்ம சீரியல் எப்படி முடியுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? வெளிநாட்டுத் தொடர் முடியறதுக்கு முன்னாடியே தெரியும். இத்தனை சீசன், இத்தனை எபிசோட், இந்தத் தேதியில கடைசி. ‘மேஷ்’னு ஒரு பழைய அமெரிக்கத் தொடர். மூணு வருஷம் நடந்த கொரியப் போரைப் பத்தி பதினோரு வருஷம் ஓடுச்சு. அதோட கடைசி எபிசோடை 1983 பிப்ரவரியில பத்துக் கோடிப் பேருக்கு மேல பார்த்தாங்க. நம்ம ஊர்ல அப்படி இல்லை. ரேட்டிங் வாரா வாரம் வரும், கதை அதுக்கேத்த மாதிரி வளையும். நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல படிச்ச க்ளோஸ்டு லூப்தான். அவுட்புட்டைப் பார்த்து இன்புட்டை மாத்திக்கிட்டே இருப்பாங்க. திடீர்னு ஒரு நாள் ‘விரைவில் கிளைமாக்ஸ்’னு புரோமோ வரும். ரெண்டு வருஷம் கத்தின வில்லன் ரெண்டு வாரத்துல அடங்கணும். இல்லைன்னா ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ மாதிரி: 2023 அக்டோபர் 28, சனிக்கிழமை முதல் பாகம் முடிஞ்சுது, 30-ஆம் தேதி திங்கக்கிழமை ரெண்டாம் பாகம் ஆரம்பிச்சுருச்சு. வருத்தப்படறதுக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் கொடுத்தாங்க.

கடைசி எபிசோட்ல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லப் போறதில்லை. பார்க்கணும்னா ஓடிடி-யில இருக்கு. எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்றேன். ஒண்ணுமே நடக்கலை. அப்பத்தா அழலை. “அவ்வளவுதானா?”ன்னாங்க. அம்மா “அவ்வளவுதான் அத்தை”ன்னு சொல்லிட்டு ரிமோட்டை எடுத்து அணைச்சுச்சு.

நிஜமான முடிவு திங்கக்கிழமைதான் வந்துச்சு. ஒன்பதரை ஆச்சு. பழக்கதோஷத்துல அப்பத்தா டிவியைப் போட்டாங்க. வேற யாரோ, வேற வீடு, வேற சண்டை. ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு அணைச்சுட்டாங்க. மூணு பேரும் தட்டோட உட்கார்ந்திருக்கோம். ஃபேன் சத்தம் மட்டும். எங்க வீட்ல அந்த நேரத்துல ஃபேன் இப்படிச் சத்தம் போடும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

அப்பத்தா சோத்தைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க.

“ஏத்தா, அப்ப உனக்கு ஒரு காயிதம் வந்துச்சே. அது எந்தப் பள்ளிக்கூடம்?”

இருபது வருஷம். அந்த லெட்டரைப் பத்தி அந்த வீட்ல ஒரு வார்த்தை வந்ததில்லை. அம்மா கை ஒரு நொடி நின்னுச்சு.

“மறந்துபோச்சு அத்தை.”

பொய். அந்த லெட்டர் பீரோவுல, கல்யாணப் பட்டுப் புடவைக்கு அடியில, மஞ்சக் கவர்ல இருக்கு. நான் பார்த்திருக்கேன். பள்ளிக்கூடத்துப் பேரு, சம்பளம், சேர வேண்டிய தேதி எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். அப்பத்தாவுக்கும் அது பொய்யின்னு தெரிஞ்சிருக்கும். “ம்ம்”னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, “உங்க மாமா சொன்னாரு, நான் சொன்னேன். நானா வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன். அப்ப எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்”னாங்க.

அதை மன்னிப்புன்னு எடுத்துக்கறதா, சமாதானம்னு எடுத்துக்கறதான்னு எனக்கு இன்னும் தெரியலை. அம்மா பதில் சொல்லலை. ஆனா எழுந்தும் போகலை. ‘கோலங்கள்’ முடிஞ்ச அன்னைக்கு எழுந்து பாத்திரம் கழுவப் போன அம்மா, இந்தத் தடவை உட்கார்ந்தே இருந்துச்சு.

அப்பதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. ரெண்டு வருஷத்துக்கு மேல அந்த அரை மணி நேரத்துல அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. அப்பத்தா குணசேகரனைத் திட்டறப்போ பாதி தாத்தாவைத் திட்டியிருக்காங்க, பாதி தன்னையே. அம்மா பதில் பேசாம பார்த்ததும் ஒரு பதில்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டாம், ரெண்டு பேரும் டிவியைப் பார்த்தாப் போதும். நான் பொங்கலுக்குக் கேட்ட கேள்வி அந்த ஏற்பாட்டைக் கலைக்கப் பார்த்துச்சு. சீரியல் முடிஞ்சதும் அந்த ஏற்பாடு தானா கலைஞ்சுருச்சு. பார்க்க டிவி இல்லாததால, நேரா பேச வேண்டியதாப் போச்சு.

இதுக்கு அப்புறம் நடந்ததை நான் பெரிசாக்கிச் சொல்ல விரும்பலை. அந்த வருஷம் ஜூலை மாசம் அப்பத்தா தெருவுல யார்யார் வீட்ல பத்தாவது படிக்கற பிள்ளைங்க இருக்குன்னு விசாரிச்சிருக்காங்க. “என் மருமக கணக்குல புலி”ன்னு சொல்லி நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. அம்மாகிட்ட கேக்கவே இல்லை. அம்மாவுக்குக் கோவம். “இருபது வருசம் கழிச்சு இப்ப எதுக்கு? நான் எல்லாத்தையும் மறந்துட்டேன்”னு போன்ல என்கிட்ட அழுதுச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. அந்த வாரமே பத்தாவது கணக்குப் புத்தகத்தை எடுத்து வச்சு ராத்திரி ராத்திரி போட்டுப் பார்த்திருக்கு. இருபடிச் சமன்பாடு மறக்கலையாம், திரிகோணமிதி கொஞ்சம் தடுமாறுச்சாம். இப்ப ஒன்பது பேர் வர்றாங்க. சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு. அப்பத்தா வாசல்ல உட்கார்ந்து, சத்தம் போடற பயலுகளை அதட்டற வேலை. வசவு எல்லாம் வீணாப் போகலை.

டிசம்பர் 23 அன்னைக்கு ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ன்னு ரெண்டாம் பாகம் வந்துச்சு. ஜனனியா நடிச்ச மதுமிதா இல்லை, அந்த இடத்துல பார்வதி. அப்பத்தா முதல் நாளே சொல்லிட்டாங்க: “இவ நம்ம ஜனனி இல்ல.” ஆனாலும் பார்த்தாங்க. குணசேகரன் அதே வேல ராமமூர்த்தி. வசவு அதே வசவு, ஆனா பழைய காரம் இல்லை. அம்மா பெரும்பாலும் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டே ஒரு கண்ணால பார்க்கும். நான் லீவுக்குப் போனப்போ, “என்னம்மா, உனக்குப் பிடிக்கலையா?”ன்னு கேட்டேன்.

“பிடிக்காம என்ன? திரும்ப அதே வீட்டுக்குள்ளயே அந்தப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. முதல்ல இருந்து போராடணும். எனக்கே அலுப்பா இருக்கு, அதுகளுக்கு எப்படி இருக்கும்?”னு சொல்லிட்டு, சிவப்புப் பேனாவால ஒரு பையனுக்கு அரை மார்க் குறைச்சுச்சு.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். நமக்கும் கடைசி செமஸ்டர். எட்டு சீசன், நடுவுல சில பேர் மாறிட்டாங்க, சில பேர் அரியர் வச்சுக்கிட்டு ரிப்பீட் டெலிகாஸ்ட் ஓட்டறாங்க. எனக்குச் சென்னையில ஒரு கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. ஆஃபர் லெட்டர் மெயில்ல வந்துச்சு. அம்மாவுக்கு ஃபார்வர்ட் பண்ணேன். அப்பா “அம்புட்டுத் தூரமா?”ன்னு ஒரு தடவை கேட்டாரு. அப்பத்தா ஒரு பார்வை பார்த்தாங்களாம், அதுக்கு மேல அவர் கேக்கலையாம்.

போன தடவை ஊருக்குப் போனப்போ அப்பத்தா என்னைக் கூப்பிட்டாங்க.

“காயிதம் எங்க?”

“போன்ல இருக்கு அப்பத்தா. இந்தா பாருங்க.”

“போன்ல இருந்தா ஆச்சா? நாளைக்கு போனு தண்ணியில விழுந்தா? பேப்பர்ல எடுத்துட்டு வா.”

அருப்புக்கோட்டை போய் பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன், ரெண்டு பக்கம். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது, அதுலயும் இங்கிலீஷ். ரெண்டு பக்கத்தையும் தடவிப் பார்த்தாங்க. “இதுல உன் பேரு எங்க இருக்கு?”ன்னு கேட்டாங்க. காட்டினேன். மடிச்சு, அவங்க டிரங்குப் பெட்டியில, பழைய சேலைக்கு நடுவுல வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாங்க.

“நீ போற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். எவனும் வேண்டாம்னு சொல்ல வந்தா எங்கிட்ட வரட்டும்.”

அம்மா அடுப்பங்கரை வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு. முகத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை. சந்தோஷம் இருந்துச்சு. அது மட்டும் இல்லை. தன்னோட லெட்டரையும் யாராவது இப்படிப் பூட்டி வச்சிருக்கலாமேன்னு ஒரு நினைப்பு வந்திருக்காதா? நான் கேக்கலை. இந்தத் தடவை கேக்காம இருக்கக் கத்துக்கிட்டேன். ராத்திரி பக்கத்துல படுத்தப்போ அம்மாவே, “சீரியல்ல ஒரே எபிசோட்ல ஜெயிச்சுருவாங்க டி. எனக்குப் பாதி ஜெயிக்கவே இருபது வருசம் ஆச்சு. நீ சீக்கிரம் ஆரம்பி”னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குச்சு.

அதனாலதான், எந்தத் தொடர் முடிஞ்சப்போ கஷ்டமா இருந்துச்சுன்னு கேட்டா, நான் சொல்ற பதில் மாறாது. நீங்க சிரிச்சுக்கோங்க, பரவாயில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். வேலையில சேர்றதுக்கு முன்ன நமக்கு ஒரு நீண்ட லீவு கிடைக்கும். உங்க வீட்லயும் ஒன்பதரை மணிக்கு யாராவது ஏதாவது பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. காதுல இயர்போனை மாட்டிக்கிட்டு மாடிக்குப் போகாதீங்க. ஒரு வாரம் பக்கத்துல உட்காருங்க. டிவியைப் பார்க்க வேண்டாம், பார்க்கறவங்களைப் பாருங்க. யாரைத் திட்டறாங்க, எங்க அமைதியாகறாங்கன்னு கவனிங்க.

கேள்வி கேக்கணும்னு தோணினா, அவசரப்படாதீங்க. முடிஞ்சா சீரியல் முடியற வரைக்கும் காத்திருங்க.